புத்தாண்டு முடிந்த மறுநாளே பட்டினி: யார் இந்தக் கெதலியா?

குமரிக்கடல் (24 செப்டம்பர் 2025, இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். நான் இஸ்ரேலில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். இப்போது நான் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு 84 வயது. பாக்தாத்தில் பிறந்தவர், 1951-இல் பத்து வயதில் குடும்பத்தோடு இங்கே வந்தவர். சப்தா என்றுதான் கூப்பிடுவேன். எபிரேயத்தில் பாட்டி.

நேற்றும் இன்றும் ரோஷ் ஹஷானா, அதாவது இவர்களுடைய புத்தாண்டு. வீடு முழுக்கப் பேரன் பேத்திகள். பேரீச்சை, மாதுளை, சுரைக்காய், தட்டைப்பயறு என்று ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல் சொல்லிச் சாப்பிட்டார்கள். (தட்டைப்பயறைப் பார்த்ததும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அது வேறு கதை.) இன்று இருட்டியதும் எல்லாரும் கிளம்பிப் போனார்கள். மிச்சத்தை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் அடுக்கிக்கொண்டிருந்தேன். சப்தா கைத்தடியோடு வந்து நின்று, "நாளைக்குக் காலையில் எனக்கு ஒன்றும் வைக்காதே. ட்ஸோம் கெதல்யா" என்றார். ட்ஸோம் என்றால் நோன்பு.

எனக்குப் பகீரென்றது. சப்தாவுக்குச் சர்க்கரை. காலையில் மாத்திரை, கூடவே சாப்பாடு. யோம் கிப்பூர் என்ற பெரிய நோன்பு தெரியும், அது அடுத்த வியாழன்தான். நடுவில் இது என்ன? கேட்டேன். "ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டார்கள், அதற்காக" என்றார். எப்போது என்றேன். "இரண்டாயிரத்து அறுநூறு வருஷம் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

நான் சின்ன வயதிலிருந்தே வேதாகமம் வாசிக்கிறவள். கெதலியா என்ற பெயரைக் கண் கடந்து போயிருக்கும், மனதில் நிற்கவில்லை. யாராவது விளக்குங்கள். அதைவிட முக்கியம், நாளைக் காலை நான் என்ன செய்வது?

மருந்துக்கடை (இரவு 9.52)

கதை அப்புறம். மாத்திரையைச் சாப்பாடு இல்லாமல் கொடுப்பதும் சரி, கொடுக்காமல் விடுவதும் சரி, நீங்கள் தனியாக எடுக்கிற முடிவே அல்ல. இன்று இரவே அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். டாக்டரிடம் அவர்கள் பேசட்டும்.

சும்மா_ஒருவன் (இரவு 9.58)

இது ஆபிரகாமின் மகன் இஸ்மவேல் செய்த கொலைதானே? அங்கே ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை.

பழைய_ஏடு (இரவு 10.31)

சும்மா_ஒருவன், அந்த இஸ்மவேல் வேறு, இந்த இஸ்மவேல் வேறு. நடுவில் ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி. இவன் நெத்தானியாவின் மகன். தாவீதின் அரச குலத்தில் பிறந்த யூதன். இதை விட்டுவிட்டால் நோன்பே புரியாது.

குமரிக்கடல் அக்கா, முதலில் உங்கள் அவசரம். இது சிறிய நோன்பு. யோம் கிப்பூர் போல முந்தைய மாலையே தொடங்கி 25 மணி நேரம் நீளாது. விடியலில் தொடங்கி நட்சத்திரம் தெரியும்வரைதான். இப்போதைய நேரக் கணக்கில் காலை ஐந்தேகாலை ஒட்டித் தொடங்கும், மாலை ஏழுக்குச் சற்று முன்னதாக முடியும். உணவும் தண்ணீரும் மட்டும்தான் விலக்கு. குளிக்கலாம், தோல் செருப்புப் போடலாம், வேலைக்குப் போகலாம். யோம் கிப்பூரில் இதெல்லாம் முடியாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், நோயாளிகள் இந்தச் சிறிய நோன்பை இருக்க வேண்டியதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற 84 வயதுக்காரரிடம் எந்த ரபீயும் (யூத மதகுரு) "சாப்பிடுங்கள்" என்றுதான் சொல்வார். நீங்கள் சொன்னால் சப்தா கேட்கமாட்டார். ரபீ சொன்னால் கேட்கக்கூடும். பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்.

இனி கதை. வேதாகமத்தில் இரண்டு இராஜாக்கள் 25-ஆம் அதிகாரத்தில் நாலு வரி இருக்கும். விரிவாக வேண்டுமானால் எரேமியா 40, 41.

கி.மு. 586 வாக்கில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து ஆலயத்தை எரித்தான். ராஜாவின் கண்ணைப் பிடுங்கினான். பெரிய மனிதர்களையெல்லாம் சிறை கொண்டுபோனான். எஞ்சியது ஏழைகள். அவர்களுக்குத் திராட்சைத் தோட்டமும் வயலும் கொடுத்து, மேலே ஒரு யூதனையே அதிகாரியாக வைத்தான். அவர்தான் அகீக்காமின் மகன் கெதலியா. எருசலேம் சாம்பலாகிக் கிடந்ததால் வடக்கே மிஸ்பாவில் இருந்து நிர்வாகம் நடந்தது.

குடும்பம் லேசுப்பட்டதல்ல. பாட்டன் சாப்பான், யோசியா ராஜாவின் எழுத்தர். ஆலயத்தில் கண்டெடுத்த நியாயப்பிரமாணச் சுருளை ராஜாவுக்கு வாசித்துக் காட்டியவர். அப்பா அகீக்காம், கூட்டம் எரேமியா தீர்க்கதரிசியைக் கொல்லப் பார்த்தபோது குறுக்கே நின்றவர்.

கெதலியா மக்களிடம் சொன்னது ரொம்பச் சாதாரணம். பயப்படாதீர்கள், பாபிலோனுக்கு அடங்கி இருங்கள், திராட்சரசமும் பழமும் எண்ணெயும் சேர்த்துப் பாத்திரங்களில் வையுங்கள். மோவாப், அம்மோன், ஏதோம் என்று சிதறிப் போயிருந்தவர்கள் இதைக் கேள்விப்பட்டுத் திரும்பி வந்தார்கள். அந்த வருடம் விளைச்சலும் மிகுதி என்று எழுதியிருக்கிறது. எல்லாம் முடிந்துபோன ஊரில் மறுபடி ஜாடிகள் நிறைகின்றன. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

யோகனான் என்ற படைத்தலைவன் வந்து எச்சரிக்கிறான்: "அம்மோன் ராஜா பாலிஸ் உம்மைக் கொல்ல இஸ்மவேலை அனுப்பியிருக்கிறான்." கெதலியா நம்பவில்லை. யோகனான் தனியாக மறுபடி வந்து, நான் போய் அவனை முடித்துவிடுகிறேன், ஒருவருக்கும் தெரியாது என்கிறான். "நீ இஸ்மவேலைப் பற்றிப் பொய் சொல்கிறாய்" என்று கெதலியா தடுத்துவிடுகிறார்.

ஏழாம் மாதத்தில் இஸ்மவேல் பத்துப் பேரோடு வருகிறான். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டு எழுந்து வெட்டிப் போடுகிறார்கள்.

இதோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, கொலை நடந்தது யாருக்கும் தெரியாத நிலையில், சீகேம், சீலோ, சமாரியா பக்கமிருந்து எண்பது பேர் வருகிறார்கள். தாடியைச் சிரைத்து, உடையைக் கிழித்துக்கொண்டு, கையில் காணிக்கையோடு. ஆலயமே இல்லை, ஆனாலும் ஆலயம் இருந்த இடத்துக்குப் போகிறவர்கள். இஸ்மவேல் அவர்களை எதிர்கொள்ள அழுதுகொண்டே போகிறான். வாருங்கள், கெதலியாவைப் பாருங்கள் என்று ஊருக்குள் அழைத்து வந்து எழுபது பேரைக் கொன்று ஒரு பள்ளத்தில் தள்ளுகிறான். மீதிப் பத்துப் பேர், "வயலில் கோதுமையும் வாற்கோதுமையும் எண்ணெயும் தேனும் ஒளித்து வைத்திருக்கிறோம்" என்று சொல்லித் தப்பிக்கிறார்கள்.

எனக்குக் கொலையைவிட அந்த அழுகைதான் ஆறவில்லை.

பிறகு யோகனான் துரத்தியதில் இஸ்மவேல் எட்டுப் பேரோடு அம்மோனுக்கு ஓடிவிட்டான். பாபிலோன் பழிவாங்கும் என்று பயந்த மக்கள், போகாதீர்கள் என்று எரேமியா சொல்லியும் கேளாமல், அவரையும் இழுத்துக்கொண்டு எகிப்துக்குப் போனார்கள். பாபிலோன் தொடங்கியதை யூதனே முடித்துவைத்தான். மைமோனிதஸ் என்ற இடைக்கால யூத அறிஞர் தன் சட்டத் தொகுப்பில் இந்த நாளைப் பற்றி ஒரே வரி எழுதுகிறார்: இஸ்ரவேலில் எஞ்சியிருந்த தணலும் அன்று அணைந்தது.

குமரிக்கடல் (இரவு 10.44)

அண்ணே, நன்றி. மகனிடம் பேசிவிட்டேன். காலையில் கூப்பிடுகிறேன் என்றிருக்கிறார். எரேமியா 41 இப்போதுதான் வாசித்தேன். இத்தனை வருடம் இதை எப்படித் தாண்டிப் போனேன் என்று தெரியவில்லை.

வடமராட்சியான் (இரவு 11.15)

எனக்கு ஒரு நெருடல். எதிரி அரசன் நியமித்த ஆள் கெதலியா. "அடங்கி இருங்கள்" என்று சொன்னவர். இஸ்மவேலின் பக்கம் நின்று பார்த்தால், ஆலயத்தை எரித்தவனின் கைக்கூலி. அப்படியிருக்க, அவர் சாவுக்கு ஒரு இனமே 2600 வருடமாகப் பட்டினி கிடப்பது எப்படி?

துரோகி என்ற சொல்லை நான் வேறொரு இடத்தில் கேட்டு வளர்ந்தவன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்று தெரியும். அதனால்தான் கேட்கிறேன், சீண்டுவதற்காக இல்லை.

சும்மா_ஒருவன் (இரவு 11.21)

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.

நெறியாளர் (இரவு 11.23)

வேண்டாம். அதற்கு வேறு இழைகள் இருக்கின்றன, அவற்றில் பாதி பூட்டப்பட்டும் இருக்கின்றன. இங்கே மிஸ்பாவிலேயே இருப்போம்.

பழைய_ஏடு (25 செப்டம்பர், காலை 6.50)

வடமராட்சியான், நல்ல கேள்வி. அந்த வாதத்துக்கு இடம் இருந்தது. இஸ்மவேல் அரச குலம். அவனை வீரனாக்கிப் பாட்டுக் கட்டியிருக்கலாம். யூத மரபு அதைச் செய்யவில்லை. கெதலியாவைச் 'சத்திக்', அதாவது நீதிமான் என்று அழைத்தது. ஆலயம் எரிந்ததற்கு ஒரு நோன்பு, ஒரு மனிதன் கொல்லப்பட்டதற்கு ஒரு நோன்பு என்று ஒரே வரிசையில் வைத்தது. சகரியா 8:19-இல் நாலு நோன்பு வருகிறது: நாலாம் மாதம், ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம், பத்தாம் மாதம். அந்த ஏழாம் மாத நோன்பு இதுதான் என்று யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூத் (ரோஷ் ஹஷானா என்ற பகுதி, 18ஆ) சொல்கிறது. மற்ற மூன்றும் முற்றுகை, மதில் உடைந்தது, ஆலயம் எரிந்தது. இதை ஏன் அவற்றோடு சேர்த்தார்கள் என்றால், நீதிமான்களின் மரணம் ஆலயம் எரிவதற்குச் சமம் என்று நமக்குக் காட்டத்தான் என்கிறது.

ஆனால் அதே தல்மூத் இன்னொரு இடத்தில் கெதலியாவையும் சும்மா விடவில்லை. எரேமியா 41:9-இல் அந்தப் பள்ளத்தில் கிடந்தவர்கள் 'கெதலியாவின் கையால்' கொல்லப்பட்டார்கள் என்று பொருள்படும் ஒரு சொல் எபிரேய மூலத்தில் இருக்கிறது. தல்மூத்தின் நித்தா என்ற பகுதி (61அ) அதைப் பிடித்துக்கொள்கிறது. கெதலியாவா கொன்றார்? இஸ்மவேல் அல்லவா கொன்றான்! யோகனான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும், போடவில்லை. ஆகவே அவரே கொன்றது போல எழுதப்பட்டது. இதையொட்டி ராவா என்ற அறிஞர் சொல்கிறார்: ஒருவரைப் பற்றி வரும் பழிப்பேச்சை நம்பக் கூடாது, ஆனால் அதை மனதில் வைத்து எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நீதிமான் என்றும் சொல்லி, எழுபது பேர் சாவில் உமக்கும் பங்குண்டு என்றும் சொல்கிறார்கள். யோகனான் கேட்டதும் நல்ல காரியம் இல்லை, ரகசியக் கொலைக்கு அனுமதி. அதை மறுத்தது சரி. கதவில் இரண்டு காவலாளியாவது போட்டிருக்கலாம் அல்லவா?

கல்வெட்டுப்பித்தன் (காலை 8.05)

இந்தக் கதையில் வருகிற ஆட்கள் மண்ணுக்குள்ளிருந்தும் எட்டிப் பார்க்கிறார்கள் என்பது என் பங்கு.

மிஸ்பா என்று பெரும்பாலோர் ஏற்கும் இடம் தெல் என்-நஸ்பே, எருசலேமுக்கு வடக்கே 12 கிலோமீட்டர் வாக்கில், ரமல்லா பக்கம். 1926 முதல் 1935 வரை வில்லியம் பதே குழுவினர் அங்கே தோண்டினார்கள். 1932-இல் ஒரு கல்லறையில் சின்ன முத்திரைக்கல் கிடைத்தது. 'ராஜாவின் ஊழியன் யசனியாவுக்கு உரியது' என்று எழுத்து, கீழே சண்டைக்கு நிற்கிற மாதிரி ஒரு சேவல். மிஸ்பாவில் கெதலியாவைப் பார்க்க வந்த படைத்தலைவர்கள் பட்டியலில் யசனியா என்று ஒருவன் உண்டு. அவனேதானா என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் ஊரும் காலமும் பொருந்துகின்றன.

1982-இல் எருசலேமின் தாவீது நகரத்தில் யிகால் ஷிலோ நடத்திய அகழாய்வில் 'சாப்பானின் மகன் கெமரியா' என்று பொறித்த களிமண் முத்திரை கிடைத்தது. எரேமியா 36-இல் வரும் எழுத்தர் அவர் என்றால், நம் ஆளுக்குச் சித்தப்பாவோ பெரியப்பாவோ ஆகவேண்டும். தீ வைத்ததில் சுருள்கள் எரிந்து போயின, அதே சூட்டில் களிமண் வெந்து கெட்டியாகி நின்றுவிட்டது. எரித்தவன் பாபிலோன்காரன், காப்பாற்றிக் கொடுத்ததும் அவன் வைத்த தீதான்.

1984-இல் ஜோர்டானின் தெல் எல்-உமைரியில் ஓர் அம்மோனிய முத்திரைப் பதிவு: 'பாலியஷாவின் ஊழியன் மில்கோமோர்'. இந்தப் பாலியஷாதான் கொலைக்கு ஆள் அனுப்பிய பாலிஸ் என்பது பல அறிஞர்களின் கருத்து.

ஒரு எச்சரிக்கை: 2008-இல் எருசலேமில் 'கெதலியா' முத்திரை கிடைத்தது என்று செய்தி சுற்றும். அவர் பஸ்கூரின் மகன் கெதலியா, எரேமியாவைக் கொல்லச் சொன்ன கூட்டத்தில் ஒருவர். பெயர் ஒன்று, ஆள் நேர் எதிர்.

கணக்குப்பிள்ளை (காலை 9.30)

நோன்பு திஷ்ரி 3, அதாவது யூத நாட்காட்டியின் ஏழாம் மாதம் மூன்றாம் நாள். அன்று சனிக்கிழமை வந்தால் ஓய்வுநாளில் நோன்பில்லை என்று ஞாயிறுக்குத் தள்ளுவார்கள். போன வருடம் அப்படித்தான், 6 அக்டோபர் 2024. ரோஷ் ஹஷானா ஞாயிறு, புதன், வெள்ளி மூன்றிலும் தொடங்காதபடி பஞ்சாங்கம் அமைத்திருப்பதால், இந்த நோன்பு திங்கள், புதன், வியாழன், அல்லது தள்ளிப்போன ஞாயிறு இவற்றில்தான் விழும். அடுத்த வருடம் திங்கள், 14 செப்டம்பர்.

கெதலியா செத்தது திஷ்ரி முதல் நாளே, பண்டிகை என்பதால் நோன்பை மூன்றாம் நாளுக்கு வைத்தார்கள் என்று ராதாக் போன்ற பழைய உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் இது தொடக்கத்திலிருந்தே தள்ளிவைத்த நோன்பு. எந்த வருடம் என்பதிலும் சண்டை உண்டு. ஆலயம் எரிந்த அதே ஆண்டு, இரண்டு மாதத்தில் நடந்தது என்பார் சிலர். எரேமியா 52:30-இல் நேபுகாத்நேச்சாரின் 23-ஆம் ஆண்டில் 745 பேரை மறுபடி சிறை கொண்டுபோனதாக வருகிறதே, அது இந்தக் கொலைக்குப் பழி, எனவே கி.மு. 582 வாக்கில் என்பார் வேறு சிலர். இரண்டே மாதத்தில் அகதிகள் திரும்பி வந்து அறுவடையும் சேர்த்தார்களா என்று யோசித்தால் எனக்கு இரண்டாவது கட்சிதான் சரியாகப் படுகிறது.

சும்மா_ஒருவன் (காலை 10.10)

நேற்று உளறியதற்கு மன்னிக்கவும். இப்போது ஒழுங்கான கேள்வி. சகரியா வசனத்தில், இந்த நோன்புகள் களிப்பும் சந்தோஷமுமாய் மாறும் என்றுதானே இருக்கிறது? இப்போது நாடு வந்துவிட்டது, எருசலேம் கையில் இருக்கிறது. இன்னும் எதற்குப் பட்டினி?

பழைய_ஏடு (பகல் 12.20)

இதே கேள்வியைத் தல்மூத்திலேயே போட்டு உடைத்திருக்கிறார்கள். ராவ் பாப்பா என்ற அறிஞர் மூன்று நிலை சொல்கிறார். சமாதானம் இருந்தால் இவை கொண்டாட்ட நாட்கள். ஒடுக்குமுறை இருந்தால் நோன்பு. ஒடுக்குமுறையும் இல்லை, சமாதானமும் இல்லை என்றால், விரும்பினால் இருக்கலாம், விரும்பாவிட்டால் விடலாம். அப்படியானால் ஆலயம் எரிந்ததற்கான ஐந்தாம் மாத நோன்பு, ஆப் 9-ஐயும் விடலாமா என்று கேட்டால், அன்று துயரம் இரட்டிப்பு, இரண்டு ஆலயமும் போன நாள், அதனால் அது விதிவிலக்கு என்கிறார்கள். பிற்காலத்தில் சமூகம் முழுக்க விரும்பி ஏற்றுக்கொண்டதால் மற்ற மூன்றும் கட்டாயமாகிவிட்டன என்பது வைதிகத் தரப்பு. 1948-க்குப் பிறகு இதை மறுபடி கிளறியவர்கள் உண்டு. நடைமுறையில் மதப்பிடிப்புள்ளவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்களில் பலருக்கு இன்று நோன்பு என்பதே தெரியாது, ரோஷ் ஹஷானா மீதியைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மற்ற மூன்று நோன்பிலும் குற்றவாளி வெளியிலிருந்து வந்தவன். நாடு கிடைத்ததும் அந்தக் கணக்கைத் தீர்ந்ததாகச் சொல்லிவிடலாம். இதில் கொன்றவனும் செத்தவனும் ஒரே வீட்டுக்காரர்கள். நாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது தீராது. 4 நவம்பர் 1995 அன்று டெல் அவிவில் பிரதமர் யிட்ஸாக் ராபினை ஒரு யூத இளைஞன் சுட்டுக் கொன்றான். அதன் பிறகு இஸ்ரேலில் இந்த நோன்பைப் பற்றிப் பேசும்போது ராபின் பெயரும் கூடவே வந்துவிடுகிறது. மதப்பக்கம் போகாதவர்களில் சிலர்கூட இந்த நாளைக் கவனிக்கத் தொடங்கியது அதனால்தான்.

வடமராட்சியான் (பகல் 1.02)

ராபினைச் சுட்டவனும் துரோகி என்ற சொல்லைக் கேட்டுத்தான் வந்திருப்பான். சரி, நான் மிஸ்பாவிலேயே இருக்கிறேன்.

மருந்துக்கடை (பிற்பகல் 3.15)

அதெல்லாம் இருக்கட்டும். பாட்டி சாப்பிட்டாரா?

குமரிக்கடல் (25 செப்டம்பர், இரவு 8.05)

சாப்பிட்டார். காலை ஏழு மணிக்கு மகன் போனில் வந்தார். அவர்கள் போகும் ஜெப ஆலயத்து ரபீயையும் வரிசையில் இணைத்திருந்தார். ரபீ ரொம்ப நேரம் பேசவில்லை. சப்தா முதலில் "எனக்குத் தெரியாதா" என்று குரலை உயர்த்தினார், அப்புறம் "நல்லது, நல்லது" என்று முணுமுணுத்தார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், போட்டுக் கொடுத்தது நான்தான் என்று தெரிந்துவிட்டது. மாத்திரை போட்டு, ஒரு ரொட்டித் துண்டும் வெள்ளரிக்காயும் ஒரு முட்டையும் சாப்பிட்டார். நான் பேரீச்சம்பாகு கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தேன். அதைக் கையால் தள்ளிவிட்டார். "வயிறு சாப்பிடட்டும், நாக்கு இன்றைக்கு நோன்பு" என்றார்.

பகலில் அவரே எரேமியாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் போனில் தமிழ் வேதாகமத்தைத் திறந்தேன். நான் தமிழில் சத்தமாக வாசிக்க, அவர் எபிரேயத்தில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தை புரியாது, ஆனால் கெதலியா, மிஸ்பா, யோகனான் என்று பெயர் வரும்போதெல்லாம் தலையாட்டுவார், விரல் அந்த வரியைப் பிடித்துக்கொள்ளும். 41-ஆம் அதிகாரம் முதல் வசனத்தில் நிறுத்தச் சொன்னார். அவர் புத்தகத்தில் ஒரு சொல்லைக் காட்டி "லெஹெம்" என்றார். ரொட்டி. ஒன்றாக ரொட்டி சாப்பிட்டார்கள் என்று அங்கே இருக்கிறது. "ஒருத்தன் வீட்டு ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேலே வாசி என்றார்.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் "ட்ஸோம் கால்" என்று சொல்லிவிட்டுப் போனார். நோன்பு லேசாகப் போகட்டும் என்று வாழ்த்து. சப்தா அவரிடம் தான் சாப்பிட்டுவிட்டதைச் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

பழைய_ஏடு அண்ணனுக்கும் எல்லாருக்கும் நன்றி. இன்னொன்று. சாயங்காலம் காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். டிசம்பர் 30-இல் சப்தா ஏற்கெனவே பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

கணக்குப்பிள்ளை (இரவு 8.20)

அது யூத நாட்காட்டியின் பத்தாம் மாதமான தெபேத் 10. எருசலேம் முற்றுகை தொடங்கிய நாள். அதுவும் விடியலிலிருந்து இருட்டும்வரைதான்.

குமரிக்கடல் (இரவு 8.22)

மகனுக்கு இப்போதே செய்தி அனுப்பிவிட்டேன்.